பி.எஸ்சி. நர்சிங்: 4 வருடம் எதற்கு?

ஊசி போடக் கற்க 4 வருடமா, 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ உதவி) டிப்ளமோ போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்ளமோ படித்தவர்களும் நல்ல நர்ஸ்கள்தான். பிறகு 2 வருட போஸ்ட் பேசிக் (டிப்ளமோ முடித்த நர்ஸ்களுக்கான பி.எஸ்சி.) படித்துப் பட்டம் வாங்கலாம்.

ஆனால் ஊசி குத்துவது கடைசி நொடி வேலை. டாக்டர் 250 மில்லிகிராம் எழுதியிருப்பார். கையில் உள்ள குப்பியிலோ 5 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் மருந்து. அப்போது 2.5 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். அதற்கு முன் நோயாளியின் பெயர், கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டை, ஒவ்வாமை எல்லாம் சரிபார்க்க வேண்டும். போட்ட பிறகு மூச்சு இரைக்கிறதா, உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். இதற்குத்தான் உடலியல், மருந்தியல், நுண்ணுயிரியல், அப்புறம் மாதக்கணக்கில் வார்டு பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே இந்தப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது.

சேரும் முன், எந்த மருத்துவமனையில் பயிற்சி தருகிறார்கள் என்று கட்டாயம் விசாரியுங்கள்.