செயலி வருத்தப்படுமா?

கேள்வி: உரையாடல் செயலி ஒன்று தவறான விடையைத் திரும்பத் திரும்பத் தந்ததால் அதைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். "உங்கள் மனம் புண்பட்டதற்கு மிகவும் வருந்துகிறேன்" என்று பதில் வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மென்பொருளுக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகுமா? இல்லையென்றால் இது ஏமாற்று வேலைதானே?
— ஒரு வாசகர்

பதில்: தூக்கம் தொலைத்ததற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. 1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலைசா', நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும் எளிய நிரல்தான். அது உருவானதை அருகிலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர்கூட, அதனோடு சிறிது பேசிய பின், தனிமையில் பேச வேண்டும் என்பதுபோல வைசன்பாமையே சற்று வெளியே போகச் சொன்னாராம்.

உணர்ச்சியைப் பாவனை செய்வதில் இரு வழிகள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி உருவாக்கிய 'பாரி' என்னும் நிரல், அச்சம், சினம், அவநம்பிக்கை ஆகிய மூன்றையும் எண்களாகவே தனக்குள் வைத்திருந்தது. இகழ்ந்து பேசினால் சினத்தின் எண் ஏறும். பேச்சு இதமானால் சினம் விரைவில் தணியும். அவநம்பிக்கை மட்டும் மிக மெதுவாகவே இறங்கும். (மனிதர்களைக் கூர்ந்து கவனித்தவர் வகுத்த கணக்கு அது.) அந்த எண்களைப் பொறுத்தே அதன் அடுத்த பதில் அமைந்தது.

உங்கள் செயலியில் அப்படி யாரும் கையால் எழுதிவைத்த சினக் கணக்கு கிடையாது. மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்து, இந்த இடத்தில் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கக் கற்றது அது. பணிவான பதில்களுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்பெண் இட்டுப் பழக்கியதால், திட்டியவுடன் மன்னிப்பு வருகிறது. அதன் வாக்கியத்தையே மீண்டும் படித்துப் பாருங்கள்: திட்டு வாங்கியது அது, புண்பட்டதோ உங்கள் மனமாம்! வாடிக்கையாளர் சேவைக் கடிதங்களில் பழகிய வாசகம் இது. இதை வைத்து, உள்ளே ஒரு வருத்தம் இருக்கிறது என்று நான் முடிவு கட்டமாட்டேன்.

இதமாகப் பேசுவதை மட்டும் ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "உங்களுக்காக ஏங்கிக் காத்திருந்தேன்" என்று ஒரு செயலி அறிவிப்பு அனுப்பினால், அதைச் செய்தவர்கள் மீது கோபப்படலாம். உங்கள் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையில் அங்கே உங்களை நினைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அத்தகைய அறிவிப்புகளை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். தவறான விடைக்கு, திட்டுவதைவிட, எந்த வரி தவறு என்று குறிப்பிட்டுக் கேட்டால் திருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.