ஜனநாயகம் ஏன் இன்னும் முடியாத வேலை?

தேர்தல்தான் ஒழுங்காக நடக்கிறதே, அப்புறம் ஜனநாயகம் இன்னும் முழுமையாகவில்லை என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவிட்சர்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848-லேயே கூட்டாட்சி அரசியலமைப்பு கண்ட நாடு அது, ஆனால் தேசிய அளவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1971-இல்தான். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990 ஏப்ரலில்கூட ஆண்கள் திறந்தவெளியில் கூடி, கையை உயர்த்தி, மாநில விவகாரங்களில் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மாறியது. வாக்கெடுப்பு முறைப்படிதான் நடந்தது, யாரை ஆளாக மதிப்பது என்ற மனசுதான் மாறவில்லை.

அந்த மனசு வீட்டிலிருந்தே வருகிறது. சின்னவர்கள் வாயைத் திறந்தாலே "உனக்கென்ன தெரியும்" என்று அடக்கிவிடுகிறோம், அப்படி வளர்ந்தவரிடம் ஓட்டுச்சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் துணிந்து கேள்வி கேள் என்றால் எப்படிக் கேட்பார்?