ஃபேன்டசி பேஸ்பால்: 2026 சீசனுக்கு என் அணியில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது?

ஃபேன்டசி பேஸ்பால் என்றால், அமெரிக்க மேஜர் லீக் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அணி அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவது. ஒருவர் கேட்ட கேள்வியில் இருந்த விவரம் இது. 12 அணிகள் உள்ள லீக், பத்துப் பிரிவு ரோட்டோ (ஹோம் ரன், ஆவரேஜ் போன்ற ஒவ்வொரு கணக்கிலும் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி தரும் முறை). கையில் ஆறு பேர்: வான் சோட்டோ (1-ஆம் சுற்று), பால் ஸ்கீன்ஸ் (2), கைல் ஷ்வார்பர் (4), ஜேக்கப் டிகிராம் (5), கால் ராலி (9), யூஹேனியோ சுவாரஸ் (14). நான்கு பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் அந்தந்தச் சுற்றுத் தேர்வு போய்விடும். டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக, முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்) ஒன்பதாவது இடம். "போன சீசனில் ஹோம் ரன்னில் நான்தான் முதல், ஆனால் மொத்தத்தில் ஆறாவது. சுவாரஸ் 14-ஆம் சுற்றுக்குக் கிடைப்பதால் அவரை விட மனமில்லை. என்ன செய்யலாம்?"

சுவாரஸை விடுங்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

ஹோம் ரன்னில் முதல், மொத்தத்தில் ஆறு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் 2019 ஞாபகம் வந்தது. நியூஜெர்ஸிக்கு வேலைக்கு வந்த புதிது. அலுவலகத்தில் ஒரு அணிக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு சிக்ஸர் அடிப்பவன்தானே முதலில் தெரிவான்? முதல் ஏழு சுற்றிலும் பந்தை வெளியே அனுப்புகிறவர்களாகப் பொறுக்கினேன். அந்த வருடம் மேஜர் லீக் முழுக்க 6,776 ஹோம் ரன். இன்றுவரை அதுதான் சாதனை. ஊரெல்லாம் மழை பெய்த வருடத்தில் நான் காசு கொடுத்துத் தண்ணீர் லாரி வாங்கியிருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் இரண்டாவது அணியைவிட எழுபது ஹோம் ரன் அதிகம் வைத்திருந்தேன். ஆவரேஜில் (பேட் பிடித்ததில் எத்தனை ஹிட் என்ற விகிதம்) கடைசி, ஸ்டீலில் (பந்து எறிகிற பிட்சரை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடுவது) கடைசிக்கு முந்தைய இடம். மொத்தத்தில் ஐந்தாவது.

ரோட்டோவில் ஒரு பிரிவில் முதல் வந்தால் 12 புள்ளி, கடைசி என்றால் 1. ஒரு ஹோம் ரன் வித்தியாசத்தில் முதல் வந்தாலும் 12, எழுபது வித்தியாசத்தில் வந்தாலும் அதே 12. மிச்சம் அறுபத்தொன்பதும் எனக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. (ரோட்டோ என்ற பெயர் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்தது. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் லா ரோட்டிஸெரி ஃபிரான்ஸேஸ் என்ற உணவகத்தில் கூடி ஆரம்பித்த விளையாட்டு இது.) ட்ரீம் லெவன் பழக்கத்தில் வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அங்கே அன்றைய ஆட்டத்துக்கு யார் அதிகப் புள்ளி தருவார் என்று பார்த்தால் போதும். இங்கே 162 ஆட்டம், பத்துக் கணக்கு, ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றில் போட முடியாது.

இப்போது உங்கள் ஆட்களுக்கு வருவோம். 2025-ல் ராலி 60, ஷ்வார்பர் 56, சுவாரஸ் 49, சோட்டோ 43. நாலு பேரிடமே 208 ஹோம் ரன். சுவாரஸைக் கழித்தாலும் 159. பாக்கிப் பத்து பேட்டர்களும் சுமாராக ஆடினாலே அந்தப் பிரிவில் முதல் இரண்டு இடத்துக்குள் இருப்பீர்கள்.

ஆவரேஜைப் பாருங்கள்: ராலி .247, ஷ்வார்பர் .240, சுவாரஸ் .228, சோட்டோ .263. ஒருவர் 600 முறை பேட் பிடித்து .240 என்றால் 144 ஹிட். அணிக்கு .270 வேண்டுமென்றால் அந்த இடத்திலிருந்து 162 வந்திருக்க வேண்டும். 18 ஹிட் பள்ளம். அதை நிரப்ப, வேறொருவர் அதே 600-க்கு .300 அடிக்க வேண்டும், அதாவது 180 ஹிட். சுவாரஸின் பள்ளம் இன்னும் ஆழம், கிட்டத்தட்ட 25. ஒவ்வொருவருக்கும் ஒரு .300 ஆட்டக்காரரைத் தேடிக்கொண்டே போனால் டிராஃப்ட் அதிலேயே முடிந்துவிடும்.

ஆகவே 14-ஆம் சுற்றுக்கு 49 ஹோம் ரன் என்பது மற்ற யாருக்கும் மலிவுதான், ஆனால் உங்களுக்கு மலிவில்லை. போதாக்குறைக்கு அந்த 49-ல் 36 அரிசோனாவில் அடித்தது. ஜூலை கடைசியில் சியாட்டிலுக்கு மாறிய பிறகு 13 ஹோம் ரன்னும் .189 ஆவரேஜும்தான். வயது 34. ஆனால் சும்மா விட்டுவிடாதீர்கள். உங்கள் லீக்கில் ஹோம் ரன்னில் எட்டு, ஒன்பதாவது இடத்தில் இருந்தவர்கள் யார் என்று போன வருடப் பட்டியலில் தேடுங்கள். அவர்களுக்கு இவர் தங்கம். நிக்கோ ஹோர்னர் மாதிரி ஒருவரையோ ஒரு க்ளோசரையோ (கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க வரும் பிட்சர்) கேட்டுப் பாருங்கள். ஹோர்னர் 2025-ல் .297, 29 ஸ்டீல். ஹோம் ரன் அடிக்காததால் அவரை வைத்திருப்பவருக்கே அவர் அருமை தெரிந்திருக்காது.

ராலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 60 மறுபடி வராது. கேட்சர்களில் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) அதற்கு முன் சாதனையே 2021-ல் சல்வடோர் பெரஸ் அடித்த 48. அடுத்து 38 அடித்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் உங்கள் லீக்கில் பன்னிரண்டாவது கேட்சராக வருகிறவர் 15 அடித்தாலே பெரிது. அந்த இடைவெளிதான் அவர் மதிப்பு. ஒன்பதாம் சுற்றுக்கு அது கொள்ளை லாபம்.

சோட்டோ முதல் சுற்றுக்கு முதல் சுற்று, லாபம் எங்கே என்று தோன்றலாம். நீங்கள் ஒன்பதாவது ஆள். அவரைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் முறை வரும் வரை இருக்க மாட்டார். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2025-ல் அவர் எடுத்த 38 ஸ்டீலைக் கணக்கில் எழுதாதீர்கள். அதற்கு முன் அவருடைய அதிகபட்சம் 2023-ல் எடுத்த 12. மனிதர் வேகமான ஓட்டக்காரரும் இல்லை. பிட்சரைப் படித்து ஓடக் கூட இருந்து சொல்லிக்கொடுத்த முதல் பேஸ் பயிற்சியாளர் ஆன்டோவன் ரிச்சர்ட்சன் சோட்டோவின் அணியான மெட்ஸை விட்டு பிரேவ்ஸுக்குப் போய்விட்டார். நான் 20 என்று எழுதுவேன். அந்த 20-க்கும் முன்போல் மதிப்பில்லை. 2023-ல் பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சர் ஓட்டக்காரரைத் தடுக்க எறிவதற்கும் வரம்பு வந்தது. 2022-ல் 2,486 ஆக இருந்த மொத்த ஸ்டீல் ஒரே வருடத்தில் 3,503 ஆனது. எனவே முன்பு ஸ்டீலில் நான்காமிடம் தந்த எண்ணிக்கை இப்போது எட்டாமிடம்கூடத் தராது.

ஸ்கீன்ஸ், டிகிராம் இருவரையும் ஒரே அணியில் பார்த்ததில் எனக்கு ஒரு சிரிப்பு. 2018-ல் டிகிராம் 1.70 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) எடுத்தும் 10 வெற்றி, 9 தோல்வி. 2025-ல் ஸ்கீன்ஸ் 1.97 எடுத்தும் 10 வெற்றி, 10 தோல்வி. இருவருக்கும் அந்தந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. தன் அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? ஸ்கீன்ஸால் ஈ.ஆர்.ஏ., விப் (ஓர் இன்னிங்ஸில் எத்தனை பேரை ஹிட், வாக் மூலம் பேஸுக்கு விடுகிறார்), ஸ்ட்ரைக்அவுட் மூன்றிலும் உங்கள் இடம் உயரும். வெற்றிகளுக்கு வேறு ஆள் பாருங்கள், தேர்வு செய்யும்போது நல்ல அணியில் எறிகிறவராக.

நான்காவது இடம் ஷ்வார்பருக்கா டிகிராமுக்கா என்பதில்தான் எனக்கும் தயக்கம். டிகிராம் போன வருடம் 30 ஆட்டம் தொடங்கி 2.97 எடுத்தார். அதற்கு முந்தைய நான்கு வருடமும் 100 இன்னிங்ஸைத் தொடவில்லை, ஜூனில் 38 வயது. ஷ்வார்பரோ 162 ஆட்டமும் ஆடியவர், 132 ரன் அடித்து உள்ளே அனுப்பியவர். அவரிடம் ஒரே தொல்லை, பெரும்பாலும் டி.எச். ஆகவே (ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிப்பவர்) ஆடுவதால் உங்கள் யுடிலிட்டி இடம் (எந்தப் பேட்டரையும் போடக்கூடிய இடம்) ஆறு மாதமும் அவருக்கே. யாராவது காயத்திலிருந்து திரும்பும்போது எங்கே வைப்பது என்று விழிப்பீர்கள். இருந்தாலும் ஷ்வார்பர்தான். நான்காம் சுற்றில் அவ்வளவு உறுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

ஆக சோட்டோ, ஸ்கீன்ஸ், ஷ்வார்பர், ராலி. 1, 2, 4, 9 சுற்றுகள் போயின. இனி ஒரு பவர் ஹிட்டரைக்கூட ஏறிட்டுப் பார்க்காதீர்கள். மூன்றாம் சுற்றில் ட்ரே டர்னரை யாரும் வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் உடனே எடுங்கள்: .304, 36 ஸ்டீல். அவர் போய்விட்டால், பின்னால் ஜேக்கப் வில்சன் (.311) போன்றவரால் ஆவரேஜையாவது மீட்கலாம். க்ளோசர் ஒருவர்கூட இல்லாத அணி இது. ஐந்து முதல் எட்டுக்குள் ஒருவர், பத்தைத் தாண்டி இன்னொருவர். ஏப்ரலில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் மூன்று வருடம் இருந்து பார்த்தேன். பிடித்தவர்கள் எல்லாம் மே மாதத்தில் ஏழாம் இன்னிங்ஸுக்குப் போய்விட்டார்கள்.

டிராஃப்ட் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் மார்ச் 17-க்குப் பிறகு வையுங்கள் என்று உங்கள் கமிஷனரிடம் (லீக்கை நடத்துபவர்) சொல்லுங்கள். அன்றுதான் உலக பேஸ்பால் கிளாசிக் முடிகிறது. உங்கள் நால்வருமே அதில் ஆடப் பெயர் கொடுத்தவர்கள், சோட்டோ டொமினிகன் குடியரசுக்கு, மற்ற மூவரும் அமெரிக்காவுக்கு. 2023-ல் க்ளோசர் எட்வின் டியாஸ் இதே போட்டியில் ஜெயித்த சந்தோஷத்தில் குதித்து முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார், அந்த சீசன் முழுக்கப் போனது. அதற்கு முந்தைய வாரமே டிராஃப்டை முடித்துவிட்ட லீக் எங்களுடையது.