சைக்கிளில் கேமரா: பெட்டி வேண்டாம், பிளானும் வேண்டாம்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். பறவை சீசனில் விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பி வேடந்தாங்கல் போவேன், நேரமில்லாத வாரம் பள்ளிக்கரணை. கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள். சமீபத்தில் கேனான் ஆர்10 பாடியும் ஆர்எஃப் 100-400 லென்ஸும் வாங்கினேன். முதுகுப்பையில் வைத்தால் வியர்வையில் நனைகிறது. பின் கேரியரில் ஒரு கெட்டியான பெட்டியைப் பொருத்திவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். கூடவே மூன்று வருட ‘புரொடெக்‌ஷன் பிளான்’ எடுத்துக்கொண்டால் விழுந்தாலும் திருடு போனாலும் கவலையில்லை என்கிறார். பெட்டி போடலாமா?

பதில்: போடாதீர்கள். கேமரா உங்கள் உடம்பில் இருக்கட்டும், சைக்கிளில் வேண்டாம். இதற்கு மேல் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அந்த மூன்று வருட பிளானுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் பின்பாதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சைக்கிளில் கேமரா என்றதும் எல்லோருக்கும் விழுவதுதான் பயம். விழுவது எப்போதாவது நடப்பது. கேரியரில் போகிற லென்ஸை மெல்ல மெல்லக் கெடுப்பது நிற்காத அதிர்வு. கேரியர் பின்சக்கரத்தின் அச்சோடு கம்பியால் நேராக இணைந்திருக்கிறது, ரோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் டயரில் இருக்கும் காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஜிஎஸ்டி ரோட்டில் வரிசையாகப் போட்டிருக்கிறார்களே அந்தக் குட்டி வேகத்தடைகள், அங்கே நீங்கள் முழங்கையை மடக்கி, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து சமாளித்துவிடுவீர்கள். கேரியரால் எழுந்துகொள்ள முடியாது. பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் இருக்கிறதே என்பீர்கள். இறுக்கமான ஸ்பாஞ்ச் கீழே விழும்போது காப்பாற்றும், ஆனால் பொடி அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். தளர்வாக இருந்தால் கேமரா உள்ளேயே உருளும்.

உங்கள் லென்ஸுக்குள், கை நடுக்கத்தைச் சரிசெய்வதற்காக ஒரு கண்ணாடித் தொகுதி அசைந்துகொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி அரிசிமணியைவிடச் சிறிய திருகுகள். தினமும் குலுங்கினால் அவற்றில் ஒன்று கால் சுற்று தளரும், அவ்வளவுதான் வேண்டும். ‘சார், படத்தில் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக வருகிறது, கீழேயே போடவில்லை’ என்று சர்வீஸுக்கு வருகிறவர்களிடம் எதில் கொண்டுபோகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

நல்ல வேளையாக ஆர்10-இல் நடுக்கத்தைச் சரிசெய்வதற்காகப் பாடிக்குள் சென்சார் அசைவதில்லை, அதனால் உங்கள் கவலை லென்ஸோடு முடிகிறது. ஆர்7 போல பாடிக்குள்ளேயே சென்சார் அசைகிற வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேமராவை அணைத்துவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே டொக் டொக் என்று சத்தம் வரும். அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. இந்தச் சத்தத்தையே காதருகே ஆட்டிக் காட்டி, ‘ஸ்டெபிலைசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று ஆயிரக்கணக்கில் கறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ‘ஆத்தரைஸ்டு கலெக்‌ஷன் சென்டர்’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள், உள்ளே போனால் ஒரு மேஜையும் கூரியர் கவரும்தான் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் உள்ள சர்வீஸ் சென்டர் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் கேமராவைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் தனித்தனியே சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வழி பார்க்க ஹேண்டில்பாரில் போனை மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் கம்பெனியே எச்சரித்தது. சைக்கிளைப் பற்றி அவர்கள் சொல்லவில்லைதான். ஆனால் அடிபடுவது அதே மாதிரியான பாகம், குலுக்குவது நம்ம ஊர் ரோடு. வழி தெரிந்த பாதையில் போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

சரி, உடம்பில் எங்கே? முதுகுப்பையை மாற்றிவிட்டு, குறுக்கே போடுகிற ஸ்லிங் பை வாங்குங்கள். முதுகில் சற்று மேலே, ஒரு பக்கமாக, விலாவை ஒட்டி உட்கார வேண்டும். நடு முதுகெலும்புக்கு நேராக வேண்டாம், விழுந்தால் ரோட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் லென்ஸ் இருக்கும். பை நழுவி வயிற்றுப் பக்கம் வராமல் இருக்க, அக்குள் வழியாக வந்து மாட்டுகிற இன்னொரு சின்ன வார் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத ஸ்லிங் சைக்கிளுக்கு உதவாது, திருப்பத்தில் குனியும்போது முன்னால் வந்து தொங்கும். கேமராவைக் கழுத்து வாரிலேயே மாட்டிக்கொண்டு ஓட்டுவதை நினைக்கவே வேண்டாம். உங்கள் பாடி 429 கிராம், லென்ஸ் 635 கிராம், ஆக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 50 கிலோமீட்டருக்கு மேல் சுமக்கத் தோள் பட்டை அகலமாக இருந்தால் போதும். லென்ஸை 100-க்குக் குறுக்கி, கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றாமல் அப்படியே வையுங்கள். ஏரிக்கரைப் புழுதியில் நின்று மாட்டுவதைவிட அதுதான் மேல்.

வியர்வைக்கு வழி சுலபம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கிற, வாயைச் சுருட்டி மூடும் மெல்லிய நீர்புகாப் பை ஒன்றை வாங்கி, கேமராவை அதில் போட்டு ஸ்லிங்குக்குள் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் கெட்டியான ஜிப் கவர். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஆர்எஃப் 100-400 மழைக்குத் தாங்கும்படி சீல் செய்த லென்ஸ் அல்ல. வடகிழக்குப் பருவமழையும் பறவை சீசனும் ஒன்றாகத்தான் வருகின்றன, எனவே இந்த கவர் வியர்வைக்கு மட்டுமல்ல. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். ஈரப்பையில் ஒரு வாரம் மூடிவைத்தால் சென்னைக் காற்றுக்கு பங்கஸ் பிடிக்கப் போதும்.

இன்னொன்று, ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலை வெளியே எடுத்தவுடன் கண்ணாடி முழுக்கப் பனி படியும். அதை பனியன் துணியால் துடைத்துத் துடைத்தே லென்ஸில் கோடு போட்டவர்கள் நிறையப் பேர். முதல்நாள் ராத்திரியே ஹாலில் வைத்துவிடுங்கள்.

கேமரா உடம்பில்தான் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, முதுகுவலிக்காரர்கள். டிஸ்க் பிரச்சினை, தோள்பட்டை பிரச்சினை, முதுகில் கனம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் சைக்கிளில்தான் வைத்தாக வேண்டும். அப்போதும் கேரியர் இல்லை, ஹேண்டில்பார் பை. அதிலும் கிளிப் போட்டு இறுக்கி மாட்டுகிற கெட்டி வகை வேண்டாம், துணிவாரில் தொங்குகிற மெத்தென்ற வகை. தொங்குகிறது என்பதற்காக ஆடவும் விடக்கூடாது, கீழே ஒரு வாரை ஃபோர்க்கோடு சேர்த்து லேசாகக் கட்ட வேண்டும், பிரேக் கேபிளில் உரசாமல். பைக்குள் அடியில் மடித்த துண்டு, அதன்மேல் கேமரா படுத்த வாக்கில், மேலே இன்னொரு துண்டு. முன்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டயர் அகலமாவது இருக்க வேண்டும். மெல்லிய ரேஸ் டயரில் காற்றை முழுக்க அடித்துவிட்டு இந்த ஏற்பாட்டைச் செய்தால் கேரியரில் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வேகத்தடையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். முதுகுவலி இல்லாதவர்கள் இந்தப் பத்தியைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த பிளானுக்கு வருவோம், எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

கேமரா கடை கவுன்டரில் விற்கிற பிளான்களில் பெரும்பாலானவை இன்சூரன்ஸே அல்ல. ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்பது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு தொடங்கும், உற்பத்திக் குறைக்கு மட்டும் பொருந்தும். விழுந்தது, நனைந்தது, திருடு போனது எதற்கும் பைசா வராது. முதல் வாரண்டி ஓடுகிற காலத்தையும் சேர்த்துத்தான் ‘மூன்று வருடம்’ என்பார்கள். ‘ஆக்ஸிடென்டல் டேமேஜ்’ என்று ஒரு வகை இருக்கிறது, விழுந்தால் தரும், திருட்டுக்குத் தருவதில்லை. கடைக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் என்றால் அவருக்கே தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ‘திருடு போனாலும் பணம் உண்டு’ என்று கடை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும்.

திருட்டுக்கும் வேண்டுமென்றால் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் கேமராவுக்கென்று ‘ஆல் ரிஸ்க்’ வகைப் பாலிசி கேளுங்கள். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆல் ரிஸ்க்கிலும் எல்லா ஆபத்தும் அடங்காது. ஆள் இல்லாமல் விட்டுப்போன பொருளுக்குத் தரமாட்டோம் என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். டீ குடிக்க இறங்கும்போது கேரியர் பெட்டியில் விட்டுவிட்டுப் போனால் அந்த வரிதான் உங்களுக்கு எதிராக நிற்கும். பெட்டி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பில்லையும் எடுத்துப் பாருங்கள். பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரும், கடையின் ஜிஎஸ்டி எண்ணும் அதில் இருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்ற சரக்காக இருந்தால் இந்திய வாரண்டியை மறந்துவிடுங்கள், கிளெய்மையும் மறந்துவிடுங்கள். ஒரு சின்ன ஆறுதல், பெரும்பாலான கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பாடியின் சீரியல் நம்பரைப் பதிந்துவைக்கும். எடிட் செய்யாத பழைய படங்கள் சிலவற்றை வைத்திருங்கள், கேமரா உங்களுடையது என்று காட்ட உதவும்.

திருடு போனால் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். புகார் கொடுத்ததற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. இன்சூரன்ஸ்காரர் எஃப்ஐஆர் கேட்பார். இரண்டு இடத்துக்கும் அலைந்து மனிதன் நொந்துபோகிற நேரம் பார்த்து ‘நான் முடித்துத் தருகிறேன், வருகிற பணத்தில் இவ்வளவு’ என்று ஒரு ஏஜென்ட் வருவார். அவர் செய்யப்போவது நீங்களே செய்யக்கூடியதுதான். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் பதிந்தாக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். வேடந்தாங்கல் பக்கம் படாளத்தில் போனதற்குத் தாம்பரத்திலேயே எழுதிக் கொடுக்கலாம், ‘எங்கள் லிமிட் இல்லை’ என்ற பேச்செல்லாம் செல்லாது. எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்பிக்கு, உங்கள் பகுதியென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, எழுத்தில் அனுப்புங்கள். இத்தனை தெளிவாகச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, ஒரு கேமராவுக்காக மனிதனை நாலு நாள் பெஞ்சில் உட்காரவைப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மைத் தள்ளினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஸ்லிங் பை வாங்கியது போக மீதி இருக்கும். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிட்டிருப்பார்கள், அந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ள அளவு காட்டுகிற கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.