பெட்டி இருக்கட்டும், முதலில் கம்பிச் சட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: என் பைக்குக்கு முப்பது வயது. அதற்கென்று செய்த பக்கப்பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் பெட்டியைப் பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்தலாம். பெட்டியைக் காட்டிலும் அதைத் தாங்கும் கம்பிச் சட்டம்தான் தலைவலி. அதனால் பழைய பெட்டி வாங்கும்போது அதன் கொக்கி, பூட்டுத் தகடு, சாவி எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பெட்டியை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு, அப்புறம் கொக்கிக்கு அலைகிறவர்கள்தான் அதிகம்.

பணம் கொடுக்கும் முன் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை வண்டியில் கட்டிப் பாருங்கள். பின்னால் உட்காருபவரின் குதிகால் இடிக்கிறதா? பின்சக்கர ஆக்சிலை உருவ இடம் இருக்கிறதா? இண்டிகேட்டர் மறைகிறதா? இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகளில் பெட்டி ஷாக்குக்கு வெளியே நிற்பதால் அகலம் சட்டென்று கூடிவிடும். ஹேண்டில்பாரைவிட அகலமானால் வேண்டாம். சந்தில் நுழையும்போது நம் கண் ஹேண்டிலைத்தான் அளவு வைத்துக்கொள்ளும்.

கேள்வி: சட்டத்தை நானே வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். எங்கே பிடிமானம் கொடுப்பது?

ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இடம். ஷாக்கின் மேல் போல்ட்டைப் பலரும் பயன்படுத்துவார்கள். தப்பில்லை, ஆனால் 4 மி.மீ. தகடு சேர்த்தால் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். முறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியட்டும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். அது சக்கரத்தோடு ஏறி இறங்குவது, பெட்டி அப்படியில்லை.

முக்கியமான சமாச்சாரம், இடது வலது சட்டங்களைப் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி. என் முதல் சட்டத்தில் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை விட்டுவிட்டேன். சில மாதத்தில் வெல்டிங் ஓரத்தில், பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. துடைத்தால் விரலில் துருப்பொடி ஒட்டியது. கம்பி உள்ளுக்குள் கீறிவிட்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி உள்ளும் புறமும் ஆடியதன் விளைவு.

கேள்வி: வாங்கிய பெட்டியில் விரிசல். எந்தப் பசை பிடிக்கும்?

என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை வாங்காதீர்கள். உள்பக்கம் ஒரு துணுக்கைச் சீவி, தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பிளாஸ்டிக் வெல்டிங், இல்லையென்றால் அலுமினியத் தகடு வைத்து ரிவெட்.

மூழ்கினால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும் (பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு). உங்கள் அதிர்ஷ்டம். அதே பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து பூசலாம். அதற்கு முன் விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், மேலே ஓடாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நெருப்பு பக்கத்திலேயே கூடாது.

கேள்வி: சைலன்சர் பக்கப் பெட்டியின் அடி இளகுகிறது.

ஏபிஎஸ் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். சூட்டைத் தடுக்க அலுமினியத் தகடு வைக்கலாம், ஆனால் அதைப் பெட்டியில் நேராக ஒட்டினால் சூடு அப்படியே உள்ளே போகும். புஷ் (சிறு குழாய்த் துண்டு) வைத்து 10 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். நடுவில் ஓடும் காற்றுதான் காப்பாற்றுகிறது.

கேள்வி: மழையில் உள்ளே தண்ணீர்?

ரப்பர் பட்டையை மாற்றுங்கள். மாற்றினாலும் துணியை நீர்புகாப் பையில் வையுங்கள்.

கேள்வி: பெட்டி மாட்டியதிலிருந்து வேகத்தில் பின்பக்கம் ஆடுகிறது.

கனமானதை அடியில், முன்பக்கமாக வையுங்கள். இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். டயர் காற்றும் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கமும் சுமைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அதற்கும் அடங்கவில்லையா? சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். லொடலொடவென்றால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும்வரை பெட்டியைக் கழற்றி வையுங்கள்.