பிள்ளையின் ஹொக்கிக்காக வீட்டின் பேரில் மேலும் கடன் எடுக்கலாமா?

கேள்வி: டொரொன்டோவுக்கு அருகே மார்க்கம் நகரில் வசிக்கிறோம். மகனுக்கு இந்த ஆண்டு 12 வயது, நவம்பரில் பிறந்தவன். டொரொன்டோப் பகுதிச் சிறுவர்களின் பனி ஹொக்கி லீக்கான ஜி.டி.எச்.எல்.லில், 13 வயதுக்குட்பட்டோருக்கான மேல்மட்ட டிரிப்பிள் ஏ அணியில் ஆடுகிறான். மகளுக்கு 9 வயது, பரதம் பயில்கிறாள். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 9,200 டொலர் கைக்கு வருகிறது. சென்ற பருவத்தில் ஹொக்கிக்கு மட்டும் 19,400 டொலர் போனது. அணிக் கட்டணம் 7,500, தனிப் பயிற்சியும் ஸ்கேட்டிங் வகுப்பும் 3,900, உபகரணங்கள் 2,400, வெளியூர்ப் போட்டிகளுக்கு ஹோட்டல் 2,400, வசந்தகால அணி 2,200, பெட்ரோல் முதலியவை 1,000. வீட்டின் பேரில் எடுத்த கடனில் 23,000 நிற்கிறது, வட்டி 5.5 சதவீதம். ஒரு சீட்டையும் முன்னதாகவே எடுத்துவிட்டதால் மாதம் 500 வீதம் இன்னும் 14 மாதம் கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்ததிலிருந்து ஆண்டுக்கு 2,500 கல்விச் சேமிப்பில் போட்டு வந்தோம். மூன்று ஆண்டுகளாக அதுவும் நின்றுவிட்டது.

இப்போது ஒரு தனியார் ஹொக்கி அக்கடமி, எட்டாம் வகுப்பிலிருந்து சேர்க்கச் சொல்கிறது. ஆண்டுக்கு 26,000; அணிக் கட்டணம் தனி. முன்பணத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 31. “இந்த வயதில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது” என்கிறார் பயிற்றுநர். மனைவிக்கு விருப்பமில்லை. ஞாயிறு காலையில் ஆட்டம் என்றால் மகனுக்கு வயிற்றுவலி வருகிறது. கராஜ் வாசலில் வைத்த வலையில் ஒரு வருடமாகப் பந்தே விழவில்லை. சென்ற மாதம் தோற்றுவிட்டுத் திரும்பும்போது, நெடுஞ்சாலை 407இல், “நீ போடும் ஒரு கோலுக்கு எங்களுக்கு எவ்வளவு செலவாகிறது தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து காரில் அவன் பேசுவதில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்றும் தோன்றுகிறது. கடன் எடுத்துச் சேர்க்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். கணக்கைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது தொகைகள் அல்ல, அந்த 407 வாக்கியம். உங்கள் பணக் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராவிஸ் டோர்ஷும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்ப வருமானத்தில் பிள்ளையின் விளையாட்டுக்குப் போகும் பங்கு கூடிய வீடுகளில், பெற்றோரின் அழுத்தத்தைப் பிள்ளைகள் கூடுதலாக உணர்ந்தார்கள். அழுத்தத்தை உணர்ந்த பிள்ளைகளிடம் விளையாட்டில் மகிழ்ச்சியும், தொடர்ந்து ஆட வேண்டும் என்ற விருப்பமும் குறைந்திருந்தன. எத்தனை ஆயிரம் என்பதைவிட வருமானத்தில் எத்தனை பங்கு என்பதை அவர்கள் அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு ஆண்டுக்குக் கைக்கு வருவது 1,10,400 டொலர். அதில் ஹொக்கிக்குப் போவது நூற்றுக்குப் பதினேழரை. அக்கடமியையும் சேர்த்தால் 45,400 ஆகிவிடும், நூற்றுக்கு 41. பதினேழரையில் இருக்கும்போதே அந்தக் கேள்வி உங்கள் வாயில் வந்துவிட்டது. நீங்கள் கெட்ட தகப்பன் என்பதால் அது வரவில்லை. தாங்க முடியாத செலவைச் சுமக்கிற எவருக்கும் ஒரு நாள் அது வாயில் வரத்தான் செய்யும். 41இல் நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டாலும் முகம் சொல்லிவிடும், பின் இருக்கையில் இருக்கும் பிள்ளை அதைப் படித்துவிடுவான்.

ஆகவே இந்த வீட்டில் செலவுக்கு வரம்பு கட்டுவது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. மகன் ஹொக்கியில் நிலைப்பதற்கே அதுதான் வழி.

இனி அக்கடமிக் கணக்கு. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகள் என்று மூன்று ஆண்டுகளுக்கு 78,000. ஏற்கெனவே நிற்கும் 23,000ஐயும் சேர்த்தால் 1,01,000. இன்றைய வட்டியிலேயே, அசலில் ஒரு சதமும் குறையாமல், வட்டி மட்டும் ஆண்டுக்கு 5,555 டொலர். மாதம் ஏறத்தாழ 463. இந்தக் கடனின் வட்டி வங்கியின் அடிப்படை வட்டியோடு ஏறி இறங்கும். 2022இலும் 2023இலும் அது எந்த வேகத்தில் ஏறியது என்பதை வீட்டுக்கடன் கட்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எதற்காக? பத்தாம் வகுப்பு முடிகிற காலத்தில், ஒன்ராறியோ ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லின் அணிகள் ஆட்டக்காரரை எடுக்கும் தேர்வு வரும். அந்த லீக்கில் இருபது அணிகள், பதினைந்து சுற்றுகள். ஆண்டுக்குச் சுமார் 300 பெயர்கள். ஒன்ராறியோப் பிள்ளைகளோடு அமெரிக்கப் பிள்ளைகளும் அதில் அடக்கம். பெயர் அழைக்கப்பட்ட பிறகும் அணியில் இடம் பிடிப்பது தனிப் போராட்டம். அதற்கு மேலே தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.; அங்கே 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் உலகம் முழுவதிலுமிருந்து 224 பேரை எடுக்கின்றன. உங்கள் மகனால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை; 12 வயதில் எவருக்குமே இல்லை, பயிற்றுநர் உட்பட. கடன் வாங்கி முதலீடு செய்ய வருகிறவரிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். இது நினைத்தபடி நடக்காவிட்டால், கடனைக் கட்டப்போவது யார்? நீங்கள் கட்டுவீர்கள். ஆனால் கட்டும்போதெல்லாம் அது எதற்காக வாங்கிய கடன் என்பது அவன் நினைவில் இருக்கும்.

“பிறகு பிடிக்க முடியாது” என்ற பயிற்றுநரின் வார்த்தைக்கு வருவோம். ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி முதல் திகதியில் தொடங்குகிறது. அதனால் ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே அணித் தேர்வில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பத்து மாத வித்தியாசம் உடம்பில் பெரிதாகத் தெரியும். உயர்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருக்கிறார்கள் என்பதைக் கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் 1985இலேயே காட்டினார்கள். அடுத்த பருவத்தில் உடம்பால் மோதித் தடுக்கும் ஆட்டமும் தொடங்குகிறது. 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதை ஹொக்கி கனடா 2013இல் நீக்கியிருந்தது. நவம்பர்ப் பிள்ளைக்கு அது மேலும் கடினமான வருடம். அவன் பின்தங்கித் தெரிந்தால், பணத்தைக் கொட்டி அதைச் சரிசெய்ய முடியாது. உடம்பு வளர்ந்துதான் சரியாகும்.

பிந்தி வந்தவர்கள் இல்லாமலும் இல்லை. உங்களுக்குப் பக்கத்து ஸ்காபரோவில் பிறந்த வெய்ன் சிமண்ட்ஸ் ஓ.எச்.எல். ஆட்டத்துக்கே 18 வயதில்தான் வந்தார். 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் அணி அவரை 61ஆவது ஆளாக எடுத்தது; என்.எச்.எல்.லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். முன்பு, ஓ.எச்.எல். பக்கம் போனால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும் என்ற பயமும் பெற்றோரைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றிவிட்டது. 2025 ஓகஸ்டிலிருந்து ஓ.எச்.எல். ஆடியவர்களும் அங்கே போகலாம். பல்கலைக்கழக இடங்களுக்குப் போட்டி கூடும் என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து வயதுக்குள் ஒரே பாதையைத் தேர்ந்தாக வேண்டும் என்ற அவசரம் குறைந்திருக்கிறது.

இனி வெட்ட வேண்டியதை வெட்டுவோம். முதலில் வசந்தகால அணி, 2,200. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இது: ஒரே விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளைக்கு, மாதம் மாதமாகப் பிரித்தாவது, ஆண்டில் குறைந்தது மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் வேண்டும், ஒரே விளையாட்டு என்று குறுக்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. பிரான்ட்ஃபோர்டில் வளர்ந்த வெய்ன் கிரெட்ஸ்கியே கோடையில் பேஸ்போலும் லக்ரோஸும் ஆடியவர்தான். ஆகவே வசந்தகால அணியை நிறுத்துவது பணத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

தனிப் பயிற்சியில் 3,900ஐ 900 ஆக்குங்கள். கோடை முடியும்போது ஒரு முகாம் போதும். உபகரணங்களில் 1,500க்குள் நில்லுங்கள். இரண்டு பருவத்துக்கு ஒருமுறை கால் வளர்கிற பிள்ளைக்குக் கைமாறிய ஸ்கேட் நல்ல ஸ்கேட்தான்; மட்டையில் சென்ற வருட மொடலுக்கும் இந்த வருட மொடலுக்கும் கோலில் வித்தியாசம் வராது. தலைக்கவசத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹோட்டல் செலவை, ஒரு பயணத்தைத் தவிர்த்தோ இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தோ, 1,600க்குக் கொண்டுவாருங்கள். அணிக் கட்டணமும் பெட்ரோலும் அப்படியே இருக்கட்டும். மொத்தம் 12,500, கைக்கு வருவதில் ஒன்பதில் ஒரு பங்கு. டிரிப்பிள் ஏயில் இருந்துகொண்டே 6,900 டொலர் மிஞ்சுகிறது.

அந்தப் பணத்தில் முதல் 5,000 பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக்கு, ஆர்.இ.எஸ்.பி.க்கு. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அரசு ஆண்டுக்கு முதல் 2,500 டொலருக்கு 20 சதவீதம், அதாவது 500 டொலர் மானியம் தருகிறது. ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் உச்சம் 7,200. உங்கள் கணக்குப்படி மகனுக்கு இதுவரை 4,500 வந்திருக்க வேண்டும், மகளுக்கு 3,000. இந்த ஆண்டே மறுபடி தொடங்கி ஒவ்வொருவருக்கும் 2,500 போட்டு வந்தால், இருவருக்கும் 17 வயது ஆகும் ஆண்டில் 7,200 நிறைந்துவிடும். அந்தக் கடைசி ஆண்டில் 1,000 போட்டாலே போதும். நின்ற மூன்று ஆண்டுகளில் வளர்ச்சியை இழந்தீர்கள், மானியத்தை இன்னும் இழக்கவில்லை. இன்னும் ஓர் ஆண்டு தவறினால், விட்டதைப் பிடிக்கப் பிறகு ஏதோ ஓர் ஆண்டில் கூடுதலாகப் போட்டாக வேண்டும். ஹொக்கி மூலம் படிப்புச் செலவு கிடைக்கும் என்று நம்பி இதை விடுகிற குடும்பங்கள் நம்மவரில் நிறைய உண்டு. ஓ.எச்.எல். ஆடும் பருவம் ஒன்றுக்கு ஒரு வருடக் கல்விக் கட்டணம் என்ற திட்டம் உண்மையானதுதான்; ஆனால் அந்த அணியில் ஆடியவனுக்கே அது கிடைக்கும். ஆர்.இ.எஸ்.பி. மானியத்துக்கு அவன் கோல் போட வேண்டியதில்லை.

மிச்சம் 1,900ஐ வீட்டின் பேரிலான கடனில் கட்டுங்கள். சீட்டு முடிந்ததும் விடுபடும் மாதம் 500ஐயும் அங்கேயே திருப்புங்கள். புதுச் சீட்டு வேண்டாம். வரிச் சலுகையைப் பெரிதாக நம்பாதீர்கள். பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கான மத்திய அரசின் வரிச்சலுகை 2017இலிருந்து இல்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போக வேண்டி, கோடையில் பிள்ளையைப் பகல் முகாமில் விட்டால், அது முக்கியமாகப் பராமரிப்புக்கான முகாமாக இருந்தால், குழந்தைப் பராமரிப்புச் செலவாக, வருமானம் குறைந்தவரின் வரிக்கணக்கில் காட்டலாம். விளையாட்டோடு படிப்பும் நடத்தும் பள்ளி அதில் சேராது. மகளின் அரங்கேற்றம் ஒரு நாள் வரும். அதற்கும் இதே மாதிரி முன்கூட்டியே ஒரு வரம்பு வையுங்கள். அண்ணனுக்குச் செலவழித்ததை ஈடுசெய்யக் கடன் வாங்கும் நிலை வந்துவிடக் கூடாது.

“முழுக்க நனைந்த பிறகு” என்று எழுதியிருக்கிறீர்கள். போன பணம் போனதுதான். அதை மகன் திருப்பித் தர வேண்டியதில்லை, அடுத்த 78,000 அதை மீட்கப் போவதுமில்லை. முடிவெடுக்கும்போது இனிமேல் வரப்போகும் செலவை மட்டும் மேசையில் வையுங்கள்.

மகனிடம் பேச வேண்டியது இரண்டு. முதலாவதை நீங்களே பேச வேண்டும், காரில் வேண்டாம். அன்றைக்கு அப்படிக் கேட்டது பிழை என்றும், எவ்வளவு செலவழிப்பது என்பது அப்பாவும் அம்மாவும் எடுக்கும் முடிவு என்றும், அதற்கு அவன் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். அதை நீட்ட வேண்டாம், பதிலும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவதை உங்கள் மனைவி கேட்கட்டும்: அடுத்த பருவத்தில் இதே மட்டத்தில் ஆட விருப்பமா, டபுள் ஏயில் கொஞ்சம் இலகுவாக ஆடலாமா, இல்லை ஒரு பருவம் விட்டுப் பார்க்கலாமா? மூன்றுமே உங்கள் வரம்புக்குள் அடங்குகிற தெரிவுகள். ஆகவே அவன் எதைச் சொன்னாலும் உங்களால் மனதார ஒப்புக்கொள்ள முடியும். இந்தக் கேள்வியை இந்த மாதமே கேளுங்கள். வசந்தத்தில் அணித் தேர்வு முடிந்து, கையெழுத்துக் கேட்டு ஆள் எதிரே நிற்கும்போது கேட்டால் நேர்மையான பதில் வராது. கையெழுத்திடுவதற்கு முன், முழுப் பருவத்துக்கான செலவுப் பட்டியலையும், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலியைக் குடும்ப மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அது உடம்பா மனதா என்று பார்ப்பது அவருடைய வேலை, எனதும் உங்களதும் அல்ல. ஜனவரி 31க்குள் அக்கடமிக்கு முன்பணம் கட்டாதீர்கள். சேரவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதே நாளில் வங்கியில் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் ஆர்.இ.எஸ்.பி. கணக்குக்கும் மாதம் 208 டொலர் தானாகவே போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு 2,500க்குக் குறையும் 4 டொலரை டிசம்பரில் போட்டுவிடலாம்.