பல் டாக்டரிடம் கேளுங்கள்: அசிட்ரோம் சாப்பிடுபவர் பல் எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி, எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். "ரத்தம் நிற்காது, அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டுப் போங்க" என்கிறார் சித்தி. நிறுத்தலாமா?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. நான் சொன்னதாகவே சித்தியிடம் சொல்லுங்கள். பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தி, தையல் போட்டு நிறுத்திவிடுவோம். வால்வில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அங்கே என் விரல் எட்டாது.

பல் எடுப்பதற்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்; எண் ஏற ஏறத் தாமதமும் கூடும்) பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். போன மாத ரிப்போர்ட் உதவாது. உலோக வால்வு உள்ள பலருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்கும்படி இதய டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்குள் இருந்தால் ஒரு பல்லைத் தாராளமாக எடுக்கலாம். 4-ஐத் தாண்டியிருந்தால் நான் தொடவே மாட்டேன், முதலில் இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். காலை நேரமாகக் கேளுங்கள், சனிக்கிழமை வேண்டாம். சாயங்காலம் கசிந்தாலும், மறுநாள் கசிந்தாலும் ஓடி வர டாக்டர் இருக்க வேண்டுமே.

இன்னொன்று: வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, பென்சிலின் வகைக் கிருமிக்கொல்லியான அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்போம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

எனக்குப் பல் எடுப்பதைவிட அதிகப் பயம் மெடிக்கல் ஷாப்பில்தான். "பல்வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று அம்மா கேட்டு வாங்கிவிடக் கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். பல்வலிக்குச் சர்வசாதாரணமாகக் கிழித்துக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை விறுவிறுவென்று ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட அப்படித்தான், தடவுகிற மருந்துதானே என்று நினைக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் டாக்டர் சொன்ன அளவில்.

அன்று காலை அம்மா வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே வரட்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.